எடுக்காத முளைப்பாரி

மாசானமுத்துவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவன் பேருந்தின் கூரைமேல் நின்று தன் தகரப்பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். கீழே அவன் அம்மா பிரம்மசக்தி மதினி தூக்குவாளியை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள்.

“சித்தப்பா, அம்மாவுக்குக் கடிதம் படிக்கும்போது நான் எழுதினதை மட்டும் படிங்க. உங்க கைச்சரக்கைச் சேர்க்காதீங்க” என்று மேலிருந்து கத்தினான்.

பேருந்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மதினி மட்டும், “எலே, இறங்கி உள்ளே உக்காருலே. விழுந்து தொலையாதே” என்றாள்.

அவன் அந்தமானுக்குப் போனான். அங்கே கப்பல்துறை கட்டும் வேலை.

மதினி என் பெரியப்பா மகனின் மனைவி. அண்ணன் சின்ன வயதிலேயே போய்விட்டார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நானும் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. சோப்பு உறையையும் பேருந்துப் பலகையையும் பார்த்து எழுத்துக் கூட்டிக் கற்றுக்கொண்டேன். எங்கள் தெருவுக்கு அது போதுமானதாக இருந்தது.

மாசானத்தின் கடிதங்கள் நாலு வரிக்கு மேல் போகாது. நான் சுகம். மழை பெய்ததா. வெள்ளாடு குட்டி போட்டதா. அம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும். அதை நான் எட்டு வரியாகப் படிப்பேன். கைச்சரக்கு என்று அவன் சொன்னது இதைத்தான்.

அவன் போய்ப் பதினான்கு மாதம் கழித்து, ஆடி மாதத்தில், என் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. கையெழுத்து அவனுடையது இல்லை.

எங்கள் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு முளைப்பாரி போட்ட செவ்வாய்க்கிழமை அது. பெண்கள் ஆளுக்கொரு மண்சட்டியில் வைக்கோலும் எருவும் பரப்பி, கம்பு, சோளம், மொச்சை, தட்டை என்று ஒன்பது தானியம் விதைப்பார்கள். கோயிலை ஒட்டிய இருட்டறையில் ஒரு பொட்டு வெளிச்சம் படாமல் அது வளரும். எட்டாம் நாள் தலையில் சுமந்து போய் ஆற்றில் கரைப்பார்கள். மதினி ஆண்டுதோறும் மகன் பெயருக்கு ஒரு சட்டி போடுவாள். அன்று காலையிலும் போட்டிருந்தாள்.

மத்தியானம் தபால்காரர் வந்தார்.

“தளவாய் அவர்களுக்கு. மாசானமுத்து காய்ச்சல் கண்டு ஆறாம் நாள், ஆனி இருபத்தொன்றில் தவறிவிட்டான். ஊருக்கு அனுப்ப வழியில்லாமல் இங்கேயே அடக்கம் செய்தோம். அவன் அம்மாவுக்கு எப்படி எழுதுவதென்று எங்களுக்குத் தெரியவில்லை. தாங்கள் பக்குவமாகச் சொல்லவும்.”

அதன் கீழே இன்னும் சில வரிகள் இருந்தன. படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்தேன்.

சாவைக் காதால் கேட்ட நேரத்திலிருந்து பங்காளிக்குத் தீட்டு. தீட்டுள்ளவன் கோயில் படியை மிதிக்கக் கூடாது. திருநீறு வாங்கக் கூடாது. அன்று சாயங்காலம் கோயிலில் காப்புக் கட்டினார்கள். நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். ஊரில் யாருக்கும் தெரியாத சாவுக்கு நான் ஒருவன் மட்டும் தீட்டுக் காத்தேன்.

மதினி பூத்தட்டோடு வந்தாள்.

“என்ன கொழுந்தனாரே, அம்மனோட சண்டையா? உள்ளே வரலியா?”

“கால்ல முள்ளு மதினி.”

“முள்ளு கால்லயா, தொண்டையிலயா?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அதற்குள் பூசாரி திருநீற்றுத் தட்டோடு வெளியே வந்து எங்கள் பக்கம் கையை நீட்டினார். நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன்.

மதினி என்னைப் பார்த்தாள். சற்று நேரம் அப்படியே நின்றாள்.

“விளக்குக்கு எண்ணெய் எடுக்க மறந்துட்டேன்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பி நடந்தாள்.

தப்பித்தேன் என்று நினைத்தேன்.

வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் ஓர் ஓலைச் சாய்ப்பில் கொடிக்கால் சாமி இருந்தார். ஒரு காலத்தில் வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை பார்த்தவர். காவி கட்டவில்லை. ஊருக்கு மிளகாய் நாற்றும் கத்தரி நாற்றும் வளர்த்துக் கொடுத்தார். என்னைவிட ஏழு வயது இளையவர். நான் அவரைச் சாமி என்பேன், அவர் என்னை அண்ணாச்சி என்பார். என் மனைவி வடிவு இறந்த பிறகு சாயங்காலங்களில் அங்கே போய் நாற்றுக்குத் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தேன். என்னைச் சீடன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஊர்தான் சொன்னது.

அன்று இருட்டுவதற்கு முன் அவரிடம் போனேன். கடிதத்தைக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. நாற்றங்காலின்மேல் தென்னங்கீற்றைப் பரப்பிக்கொண்டிருந்தார். நானே படித்துக் காட்டினேன்.

“சொல்லணுமா வேண்டாமா சாமி?”

“கடிதம் யார் பேருக்கு வந்திருக்கு?”

“என் பேருக்கு.”

“என்ன செய்யச் சொல்லி எழுதியிருக்கு?”

“பக்குவமாச் சொல்லச் சொல்லி.”

“பிறகென்ன?”

“சொன்னா அவங்களுக்கும் தீட்டு. பாரி எடுக்க முடியாது. மகன் பேருக்குப் போட்ட பாரி சாமி. கொடை முடியட்டுமே.”

அவர் கடைசிக் கீற்றை வைத்தார்.

“முடியட்டும்” என்றார்.

கொடை நடந்த நாட்களில் நான் மதினி தெரு வழியாகப் போகவில்லை. குளக்கரையைச் சுற்றிப் போனேன். ஐந்தாம் நாள் அவளே மிளகாய் நாற்று வாங்கச் சாமியிடம் வந்தாள். நான் பூவாளியோடு குனிந்து நின்றேன்.

“சாமி, உம்ம சீடனுக்குக் கால்ல முள்ளு குத்திருந்துதே. எடுத்தாச்சா?”

“இன்னும் உள்ளேதான் இருக்கு தாயி.”

“ஆழமோ?”

“ஆழம்தான்.”

“சீழ் பிடிக்குறதுக்குள்ள எடுக்கச் சொல்லும்.”

நாற்றுக் கட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். சாமி என்னைப் பார்க்கவில்லை.

எட்டாம் நாள் மதினி பாரி எடுக்க வரவில்லை.

“இடுப்பு பிடிச்சுக்கிட்டு. தலையில சுமை ஏத்த முடியாது” என்று சொல்லி அனுப்பினாள். ஒருத்தியின் பாரியை இன்னொருத்தி எடுக்கும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. எல்லாச் சட்டியும் ஆற்றுக்குப் போனது. ஒரு சட்டி மட்டும் இருட்டறையில் நின்றது. அறையைக் கழுவ வந்த பெண்கள் அதை என்ன செய்வதென்று தெரியாமல், கூடை போட்டு மூடி, சாமியின் சாய்ப்பில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள்.

கொடை முடிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. இடுப்புவலியோடு இருப்பவளிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மதினி ஆளனுப்பிக் கூப்பிட்டாள். முற்றத்தில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

“போன வாரம் தபால்காரர் உம்ம கையில ஒரு கடிதம் கொடுத்தாராமே?”

நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வாயில் வார்த்தை வந்திருக்காது.

“ஆமா மதினி. மாசானம் எழுதினதுதான். கொடை வேலையில மறந்தே போயிட்டேன்.”

“அவன் கடிதம் உமக்கு மறந்துபோகுமா?” என்றாள். பிறகு, “சரி. படியும்.”

சட்டைப்பையில் இருந்த அதே கடிதத்தை எடுத்து விரித்தேன். அதில் இருந்த எழுத்துகளின்மேல் கண்ணை ஓட்டிக்கொண்டே, அதில் இல்லாததைப் படித்தேன்.

“அன்புள்ள அம்மாவுக்கு. நான் இங்கு நலம். உங்கள் இடுப்புவலி எப்படி இருக்கிறது? பாரம் தூக்க வேண்டாம். நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றிக்கொள்ளவும். பொங்கலுக்குக் கட்டாயம் ஊருக்கு வருவேன்.”

முறம் அசையவில்லை.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“இன்னும் கொஞ்சம் எழுதியிருப்பானே. நல்லாப் பாரும்.”

“இல்லை மதினி.”

அவள் மறுபடி புடைக்க ஆரம்பித்தாள்.

“நல்லாப் படிச்சீரு” என்றாள்.

சாயங்காலம் சாமியிடம் சொன்னேன்.

“பொங்கலுக்கு வாரான்னு சொன்னதும் முகமே மாறிட்டு சாமி.”

“மாறிட்டா?”

“ஆமா.”

“பொங்கலுக்கு என்ன செய்வீங்க?”

நான் பூவாளியை எடுத்தேன்.

“பொங்கலுக்கு வரலைன்னா சித்திரைக்கு வருவான். அப்படித்தானே அண்ணாச்சி?”

அவர் எழுந்து மூலையில் இருந்த கூடையைத் தூக்கினார். மதினியின் பாரி ஒரு சாணுக்கு மேல் வளர்ந்திருந்தது. நெருக்கமாக, ஒரே சீராக, மஞ்சள் பட்டு விரித்ததுபோல். தண்டெல்லாம் வெள்ளை வெளேர் என்று இருந்தது. ஆற்றில் கரைத்த எந்தப் பாரியும் அந்த வருடம் இவ்வளவு உயரம் இல்லை.

“எப்படி இருக்கு?”

“அருமையா வந்திருக்கு சாமி. இதே விதையை வயல்ல போட்டிருந்தா இதுல பாதிகூட வளர்ந்திருக்காது.”

“ஏன் இவ்வளவு உயரம்?”

“செழிப்புதான்.”

“தேடுது அண்ணாச்சி. வெளிச்சம் எங்கேன்னு தேடித் தேடி நீளுது.” அவர் ஒரு கம்புப் பயிரை வேரோடு உருவினார். “இது எதைத் தின்னு வளர்ந்துது?”

“தண்ணி. எரு.”

அடியில் ஒட்டியிருந்த விதையை என் விரலிடையே வைத்தார். “நசுக்குங்க.”

நசுக்கினேன். உள்ளே ஒன்றும் இல்லை. உமி மட்டும் விரலில் ஒட்டியது.

“விதை வரும்போது கொண்டுவந்த கட்டுச்சோறு அது. இலை பச்சையாயிட்டா தனக்கு வேண்டியதைத் தானே சமைச்சுக்கும். மஞ்சளா இருக்கிற வரைக்கும் கட்டுச்சோறுதான்.”

“தீர்ந்துபோனா?”

“இதோ, கம்புக்குத் தீர்ந்துபோச்சு.” ஒரு மொச்சைப் பருப்பைத் தொட்டுக் காட்டினார். அது சுருங்கியிருந்தது, ஆனாலும் சதை இருந்தது. “இதுக்கு இன்னும் கொஞ்சம் இருக்கு. எத்தனை நாளைக்குன்னு எனக்குத் தெரியாது.”

பிறகு அந்தப் பாரியை வேரும் எருவுமாக அடையைப் பிய்ப்பதுபோல் இரண்டாகப் பிய்த்தார். ஒரு பாதியைச் சட்டியிலேயே விட்டுக் கூடையால் மூடினார். மறு பாதியை விளிம்பு உடைந்த வேறொரு சட்டியில் வைத்து என்னிடம் தந்தார்.

“இதை நாளைக்கு வெளிச்சத்துல வச்சுப் பாருங்க.”

மறுநாள் காலையில் வேலை இருந்தது. உச்சிப்பொழுதில்தான் கை ஒழிந்தது. வெளிச்சம்தானே வேண்டும், நிறையக் கிடைக்கட்டும் என்று களத்துக்குப் பக்கத்தில் இருந்த பாறைமேல் சட்டியை வைத்தேன். தண்ணீரும் ஊற்றினேன். சாயங்காலம் போய்ப் பார்த்தபோது இலையெல்லாம் நிறம் செத்து வெளுத்துச் சுருண்டு, தீயில் காட்டிய தாள்போல் கிடந்தது.

சட்டியைத் தூக்கிக்கொண்டு சாமியிடம் ஓடினேன்.

“பாருங்க. வெளிச்சம் கொன்னுட்டு.”

“எப்ப வச்சீங்க?”

“உச்சிப்பொழுதுல.”

“எங்கே?”

“பாறைமேல.”

“பத்து நாளு இருட்டுல இருந்ததையா?”

“நீங்கதானே வெளிச்சத்துல வைக்கச் சொன்னீங்க.”

அவர் சுருண்ட இலையைத் தொட்டுப் பார்த்தார். எனக்கு மூச்சு வாங்கியது. நான் சொல்ல நினைக்காததைச் சொன்னேன்.

“வடிவு போனப்ப எனக்கு இப்படித்தான் சொன்னாங்க சாமி. தலையில நெல்லு மூட்டையோட வரப்புல வந்துக்கிட்டிருக்கேன். உச்சிவெயில். குளக்கரை மேல இருந்து ஒருத்தன் கத்துதான். ‘தளவாய், உன் பொண்டாட்டி முடிஞ்சிட்டா, வா.’ எனக்கு மூட்டையை இறக்கணும்னு தோணலை. வீட்டு வாசல் வரைக்கும் சுமந்துக்கிட்டே வந்தேன். யாரோதான் இறக்கினாங்க.”

சாமி கேட்டுக்கொண்டிருந்தார்.

“மதினிக்கு நான் அந்த ஆளா இருக்க மாட்டேன். அதுக்கு இருட்டே மேல்.”

அவர் கருகிய சட்டியை என் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தார்.

“அந்த ஆளா இருக்க வேண்டாம்” என்றார். “விடியறதும் வெளிச்சம்தானே அண்ணாச்சி.”

சனிக்கிழமை கருக்கலிலேயே போனேன். சாமி எழுந்திருந்தார். மிச்சப் பாதிப் பாரியைச் சாய்ப்பின் கிழக்கு ஓரத்தில் வைத்து, கூடையை ஒரு பக்கம் தூக்கி, கீழே ஒரு குச்சியை முட்டுக் கொடுத்தார். விடிந்த பிறகு கூடையை எடுத்துவிட்டார்.

“கூட இருங்க.”

“இருந்து நான் என்ன செய்ய?”

“ஒண்ணும் செய்ய வேண்டாம். வெயில் மேல ஏறி வந்தா நிழலுக்கு நகர்த்தி வைங்க.”

உட்கார்ந்தேன். வெயில் ஏறி வந்தது. நகர்த்தினேன். மறுபடி வந்தது. மறுபடி நகர்த்தினேன். ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்தேன். உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்கு அது தெரியவே இல்லை. மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டு வந்து பார்த்தபோது ஒரு மொச்சை இலையின் நுனியில் எலுமிச்சம் பிஞ்சின் நிறம் இருந்தது. அதன் பிறகு நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

சாயங்காலத்துக்குள் மொச்சை, தட்டை இலையெல்லாம் கை விரித்ததுபோல் விரிந்து பச்சையாகிவிட்டது. கம்பு பாதிக்கு மேல் மஞ்சளாகவே சாய்ந்து கிடந்தது.

“நீங்க என்ன செஞ்சீங்க?” என்று சாமி கேட்டார்.

“ஒண்ணும் செய்யலை. கூட இருந்தேன். நகர்த்தி வச்சேன்.”

“பச்சையை யார் ஊத்தினா?”

“வெளிச்சம்.”

“வெளிச்சம் பச்சையாவா இருந்துது?”

யோசித்தேன். ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தேன்.

“அவங்க பாரி” என்றார் சாமி. “காலையில அவங்ககிட்டக் கொடுத்துடுங்க.”

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு மதினி வீட்டு முற்றத்தில் போய் நின்றேன். அவள் கும்பாவில் கஞ்சி ஊற்றி, உள்ளங்கையில் ஒரு சின்ன வெங்காயத்தோடு, அடுக்களை வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

சாவு வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் எங்கள் பக்கத்தில் வெறும் வயிற்றோடு இருப்பவரிடம் சாவைச் சொல்ல மாட்டார்கள். அவள் குடித்து முடிக்கட்டும் என்று நின்றேன்.

மதினி என்னைப் பார்த்தாள். சட்டியைப் பார்த்தாள். வா என்றும் சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை. அவசரப்படாமல் குடித்தாள். அடியில் கிடந்த பருக்கையையும் வழித்துத் தின்றாள். கும்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“கஞ்சி குடிச்சாச்சு கொழுந்தனாரே” என்றாள். “இனிச் சொல்லும்.”

சட்டியோடு அப்படியே நின்றேன். அவள் எழுந்து வந்து என் இடுப்பிலிருந்து சட்டியை வாங்கிக் கீழே வைத்தாள்.

“வடிவு போன அன்னைக்கு உம்ம தலையில இருந்த மூட்டையையும் நான்தான் இறக்கினேன். உமக்கு ஞாபகம் இருக்காது.”

ஞாபகம் இல்லை. அன்றுவரை எனக்கு அது தெரியாது.

உட்கார்ந்தேன். அவளும் உட்கார்ந்தாள்.

“மதினி, மாசானம்...”

“ம்.”

“காய்ச்சல் மதினி. ஆறாம் நாள். அங்கேயே அடக்கம் பண்ணிட்டாங்க.”

“எந்தத் தேதி?”

“ஆனி இருபத்தொண்ணு.”

அவள் தலையாட்டினாள்.

“எனக்குத் தெரியும்.”

“எப்படி மதினி?”

“காப்புக் கட்டு அன்னைக்கு நீரு திருநீறு வாங்காம ஒதுங்கினீரே, அப்பவே. பங்காளிக்குத் தீட்டுன்னா சாவு விழுந்தது பங்காளி வீட்டுலதானே? மத்த எல்லாரும் என் கண்ணு முன்னால நிக்காங்க. இல்லாதவன் ஒருத்தன்தான்.”

அவள் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“அதான் நானும் காப்புக் கட்டலை. பாரியும் எடுக்கலை. இடுப்பு வலியாம் இடுப்பு வலி.”

“அப்ப இடுப்பு?”

“கல்லு மாதிரி இருக்கு.” அவள் என்னை நேராகப் பார்த்தாள். “நான் செவ்வாய்க்கிழமை சொன்ன பொய் வலியை அதுக்கு முந்தின வாரமே வந்த கடிதத்துல எப்படிய்யா விசாரிச்சு எழுதுவான்? அங்க இருந்து கடிதம் வந்துசேரப் பதினஞ்சு நாளு ஆகுமே. பொய் சொல்லத் தெரியுதா உமக்கு?”

சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள்.

“பிறந்ததுல இருந்து என் பிள்ளை என் உடம்பை ஒருநாளு விசாரிச்சதில்லை. அவன் கேக்கிறதெல்லாம் ஆட்டைத்தான். நீரு படிச்ச கடிதத்துல நல்லெண்ணெய் தேய்க்கச் சொல்லுதான்.”

“தெரிஞ்சும் ஏன் மதினி என்கிட்டக் கேக்கலை?”

“கேட்டேனே. இன்னும் கொஞ்சம் எழுதியிருப்பானே, நல்லாப் பாரும்னு கேட்டேனே. நீருதான் இல்லைன்னுட்டீரு.” சிரிப்பு போயிருந்தது. “யாரும் சொல்லாம நான் எப்படி அழ? வாயைத் திறந்து அழுதா ஏன் அழுதேன்னு கேப்பாங்களே, என்ன சொல்ல? ஒருவேளை நான்தான் தப்பா நினைச்சுக்கிட்டு, உசுரோட இருக்கிற பிள்ளைக்கு ஒப்பாரி வச்சிட்டா? பன்னிரண்டு நாளா எல்லாத்தையும் சோத்தோட சேத்து முழுங்கிக்கிட்டு இருக்கேன் கொழுந்தனாரே.”

சட்டியில் இருந்த மொச்சை இலையை அவள் விரல் தானாகத் தடவிக்கொண்டிருந்தது.

“இது ஏன் பச்சையா இருக்கு?”

“சாமி வெளிச்சத்துல வச்சாரு.”

“ம்.” இலையிலிருந்து விரலை எடுத்தாள். “அந்தக் கடிதத்தை எடும். அதுல இருக்கிறதை மட்டும் படியும். உம்ம கைச்சரக்கு வேண்டாம்.”

எடுத்தேன். முதல் வரியிலிருந்து படித்தேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் விடவில்லை. கீழே இருந்த வரிகளுக்கு வந்தேன்.

“கடைசி இரண்டு நாள் நினைவு சரியாக இல்லை. வெள்ளாடு குட்டி போட்டதா என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தான். போட்டுவிட்டது என்று நாங்கள் சொன்னோம். அவன் பெட்டியை ஆள் வரும்போது கொடுத்து அனுப்புகிறோம்.”

“போட்டுதே” என்றாள் மதினி. “ரெண்டு குட்டி. எழுதிப் போடச் சொன்னேனே உம்மகிட்ட.”

“எழுதினேன் மதினி.”

“போய்ச் சேர்ந்திருக்காது.”

அதற்குப் பிறகுதான் அவள் வாயைத் திறந்து அழுதாள். முதலில் பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்தாள். பிறகு தெரு முழுக்க வந்தது. பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டார்கள். நான் எழுந்து வாசலுக்கு வந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் கழிந்து சாமியிடம் போனேன். அவர் நாற்றங்காலின் மேலிருந்த தென்னங்கீற்றுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். மிளகாய் நாற்று நாலு இலை விட்டிருந்தது.

“சாமி, அவங்களுக்கு முதல் நாளே தெரிஞ்சிருக்கு.”

“ம்.”

“உங்களுக்கும் தெரியுமா?”

“முள்ளைப் பத்தி விசாரிக்க வந்தாங்களே. அப்பவே நினைச்சேன்.”

“எல்லாம் அவங்க உள்ளேயே இருந்திருக்கு. பிறகு நான் சொல்லி ஆனது என்ன?”

அவர் கையிலிருந்த கீற்றைக் கீழே வைத்தார்.

“கூடையை உள்ளே இருந்து தூக்க முடியாதே, அண்ணாச்சி.”

நான் மிச்சக் கீற்றுகளை எடுத்து அடுக்கினேன்.

இதெல்லாம் நடந்து முப்பத்தெட்டு வருடம் ஆகிறது. சாமி இல்லை. மதினியும் இல்லை. அந்தப் பாரியில் கம்பும் சோளமும் பிழைக்கவில்லை. தட்டையை ஆடு தின்றுவிட்டது. மொச்சை மட்டும் மதினி வீட்டு வேலியில் ஏறி அந்தத் தையில் காய்த்தது.

நான் பாறைமேல் கருக்கிய பாதி இருந்த சட்டி என் வீட்டில் இருக்கிறது. உடைந்த விளிம்பைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்து, கோழிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன்.